காதால் வாசித்தவர்கள்

ஒரு நாவலாசிரியை நிலைத்திருப்பது யாருடைய பொறுப்பு என்ற கேள்வியை நாம் இதுவரை கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. விமர்சகன் தரம் பிரித்துச் சொல்வான், மிச்சத்தைக் காலம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை நம் சிறுபத்திரிகைகளில் நெடுநாளாக இருந்துவருகிறது. காலம் என்று தனியாக ஒன்று வந்து எதையும் பார்த்துக்கொள்வதில்லை. யாரோ சிலர் பிரதியைப் பெட்டியில் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். யாரோ சிலர் கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள். யாரோ ஒருவர் அந்த எழுத்தாளர் வாழ்ந்த வீட்டை விலை கொடுத்து வாங்குகிறார். இவர்களுக்கு நம் விமர்சனத்தில் இடமில்லை. ரசிகர்கள் என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறோம். அந்தச் சொல்லை நானும் வசையாகவே பயன்படுத்தி வந்திருக்கிறேன்.

ஏழெட்டு வருஷங்களுக்கு முன், இதைப் போலவே சில நூறு பிரதிகள் அச்சாகும் ஒரு பத்திரிகையில், தமிழ் நாவலின் தேக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், வை.மு. கோதைநாயகி அம்மாள் மூவரையும் ஒரே கயிற்றில் கட்டி, நசிவு என்று பெயர் கொடுத்து, ஒரே வாக்கியத்தில் ஓரம் தள்ளினேன். வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறது என்று நண்பர்கள் இருவர் எழுதினார்கள். மூவரில் எவருடைய நாவலையும் நான் அப்போது படித்திருக்கவில்லை. நண்பர்களும் படித்திருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம். மணிக்கொடிக் காலத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்த ஒரு தீர்ப்பை, கையெழுத்தைக்கூடச் சரிபார்க்காமல் நான் வரவு வைத்துக்கொண்டேன். வங்கியில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் செய்யக்கூடாத காரியம் அது.

பத்திரிகை வந்த வாரம் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தேன். பழைய பேட்டையில் பாட்டி இருந்தாள். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, கடைவீதியில் தமிழ், தளிப் பக்கம் உறவுக்காரர்கள் வந்தால் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். பாட்டிக்கு இம்மூன்றில் எதற்கும் எழுத்துத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள். ஒப்புக்கு அந்தப் பெயர்களைப் படித்துக் காட்டினேன். கோதைநாயகி என்றதும் நிமிர்ந்தாள்.

"மோகினி புஸ்தகம் போட்ட அம்மாதானே?"

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. 'ஜகன்மோகினி' பத்திரிகையைச் சொல்கிறாள். 1940களின் நடுவில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணாக, வசதியான ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போயிருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் அந்த வீட்டு மருமகள் கூடத்தில் உட்கார்ந்து, பழைய இதழ்களைச் சேர்த்துத் தைத்த ஒரு கட்டிலிருந்து உரக்க வாசிப்பாளாம். தெருவிலிருந்து நாலைந்து பெண்கள் வந்துவிடுவார்கள். ஒருத்தி பூக்கட்டுவாள், ஒருத்தி பருப்பில் கல் பொறுக்குவாள். பின்கட்டு நிலைப்படிக்கு இந்தப் பக்கம், கழுவிய பாத்திரங்களோடு பாட்டி. கூடத்துக்குள் அவள் போகக்கூடாது.

"குரல் வெளியே வர்றதை யார் தடுக்க முடியும் நைனா?" என்றாள்.

பிறகு ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ரயிலடியில் பிரிந்துபோன அக்கா தங்கை, வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு கடிதம், கடைசியில் ஒரு பாட்டு. எழுபது வருஷத்துக்கு முன் காதில் விழுந்ததை அரைமணி நேரம் தடுமாறாமல் சொன்னாள். அடுத்த தடவை வரும்போது அந்தப் புஸ்தகம் கிடைத்தால் வாங்கி வா, வாசித்துக் காட்டு என்றாள். சரி என்றேன். தேடவில்லை. பாட்டி இறந்து மூன்று வருஷமாகிறது.

இப்போது தேடுகிறேன். கோதைநாயகி அம்மாள் எழுதியவை 115 நாவல்கள்.

அவர் 1901 டிசம்பர் 1ஆம் தேதி பிறந்தவர். ஐந்தரை வயதில் திருமணம். பள்ளிக்கூடம் போனதில்லை. திருவல்லிக்கேணியில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லித்தான் கதாசிரியை ஆனார். 1924இல் வெளிவந்த 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். 1925இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி'யை வடுவூராரின் ஆலோசனைப்படி வாங்கி நடத்த ஆரம்பித்தார். முதல் நாவலான 'வைதேகி' அதில்தான் தொடராக வந்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து வருஷம் ஒரு பெண் தன் பொறுப்பில் ஒரு பத்திரிகையை நடத்தினார் என்பதை, மூன்றாம் இதழோடு மூச்சு நின்றுபோகும் பத்திரிகைகளை நடத்துகிற நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். இடையில் காந்தியைக் கண்டு கதருக்கு மாறினார். கள்ளுக்கடை மறியலுக்காக 1931இல் சிறை சென்றார். அந்நியத் துணி எதிர்ப்புக்காக 1932இல் மறுபடியும் சிறை. கூட்டங்களில் பேசினார், பாடினார். அவர் பேச்சைக் கேட்கவும் பாட்டைக் கேட்கவும் ஜனங்கள் கூடினார்கள். 1960 பிப்ரவரி 20ஆம் தேதி மறைந்தார். அப்போது செல்லப்பாவின் 'எழுத்து' ஆரம்பித்துப் பதிமூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நம்முடைய விமர்சன மரபு கண்விழித்தபோது அந்த அம்மாளின் வாசகக் கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது.

இந்தக் கூட்டத்துக்குச் சங்கம் என்று பெயரில்லை; சந்தா உண்டு, தலைவர் கிடையாது. ஆண்டுவிழா எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. மத்தியானந்தோறும் ஒரு கூடத்தில், ஒரு திண்ணையில், ஒரு பின்கட்டில் அது கூடியது. நாவல் தமிழில் எப்படி வாசிக்கப்பட்டது என்பதை ஆராய்ந்த ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' 2002இல் வெளிவந்தது. ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கூடிக் கேட்ட பழக்கத்திலிருந்து, தனியே உட்கார்ந்து மௌனமாக வாசிக்கும் பழக்கத்துக்கு நாம் நகர்ந்த சரித்திரம் அதில் இருக்கிறது. மௌன வாசகனுக்காக எழுதப்பட்ட எழுத்தையே நாம் இலக்கியம் என்று ஒப்புக்கொண்டோம். அந்த அளவுகோலைக் காதுக்காக எழுதப்பட்ட எழுத்தின்மேல் வைத்து, நீளம் அதிகம் என்று தீர்ப்புச் சொன்னோம்.

இதே சரித்திரம் வேறு ஊரில் வேறு விதமாக நடந்தது. பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்பதால் ஜேன் ஆஸ்டின் எனக்குப் பாடப்புத்தகமாகத்தான் வந்து சேர்ந்தார். 1775 டிசம்பர் 16ஆம் தேதி பிறந்த அவருடைய 250ஆம் ஆண்டு 2025இல் வந்தது. உலகம் முழுவதும் கொண்டாடினார்கள். அக்காலத்து உடை, அக்காலத்து நடனம், தேநீர். பாத் நகரத்தில் 2001லிருந்து வருஷாவருஷம் இதற்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது. தொப்பியும் நீண்ட அங்கியுமாக ஊர்வலம் போகிறார்கள். இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது சுலபம். 1905லேயே ஹென்றி ஜேம்ஸ், பதிப்பாளர்கள் தங்கள் வியாபாரத்துக்காக இந்த அம்மையாரை எல்லோருக்கும் செல்லப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள் என்று சலித்துக்கொண்டார். ஆனால் அந்தத் தொப்பிகளுக்குப் பின்னால் நடந்ததைப் பார்க்கவேண்டும்.

ஆஸ்டினின் நாவல்கள் அவர் உயிரோடிருந்தவரை அவர் பெயரில் வரவில்லை. 1811இல் வந்த முதல் நாவலில், ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் இருந்தது. 1817இல், நாற்பத்தொரு வயதில் இறந்தார். வின்செஸ்டர் தேவாலயத்தில் அவர் சமாதிக் கல்லில் குணங்களெல்லாம் இருக்கின்றன, நாவல் எழுதியவர் என்ற செய்தி இல்லை. ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு, 1869 கடைசியில், அண்ணன் மகன் ஒருவர் வாழ்க்கை வரலாறு எழுதி வெளியிட்டார். அதன்பிறகுதான் கூட்டம் சேர ஆரம்பித்தது. 1894இல் செயின்ட்ஸ்பரி என்ற விமர்சகர் அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்: ஜேனைட்டுகள். 1924இல் கிப்ளிங் அந்தப் பெயரிலேயே ஒரு கதை எழுதினார். முதல் உலக யுத்தத்தில், பீரங்கிப் படையில் இருந்த சிப்பாய்கள் ரகசியச் சங்கம்போல் கூடி ஆஸ்டினை வழிபடுகிறார்கள். யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்த ஒருவர் எழுதிய கதை அது. இதற்கிடையில், 1923இல், சாப்மன் பதிப்பித்த ஆஸ்டின் நாவல்கள் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தன. சங்க நூலுக்கு உ.வே.சா. பார்த்த பாடபேதத்தை ஒரு நாவலுக்குப் பார்க்கலாம் என்று அந்தப் பதிப்பு காட்டியது.

1940ஆம் வருஷம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கிலாந்தின்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த வருஷம். சாட்டன் கிராமத்தில் ஆஸ்டின் கடைசி எட்டு வருஷம் வாழ்ந்து எழுதிய வீடு அப்போது வாடகைக் குடித்தனங்களாகப் பிரிந்து கிடந்தது. அந்த வீட்டுக் கணப்பின் இரும்புச் சட்டம் வெளியே செடிகொடிக்குள் எறியப்பட்டுக் கிடந்ததை டாரதி டார்னெல் என்ற பெண்மணி கண்டார். வீட்டை மீட்கவேண்டும் என்று அந்த வருஷமே ஜேன் ஆஸ்டின் சங்கத்தை ஆரம்பித்தார். பின்னர் கார்ப்பென்டர் என்ற வழக்கறிஞர், 1944இல் யுத்தத்தில் இறந்த தம் மகனின் நினைவாக அந்த வீட்டை வாங்கிக் கொடுத்தார். 1949இல் அது காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் இதைப்போல ஒரு சங்கம் 1979இல் தோன்றியது.

அதே 1940இல், லீவிஸ் நடத்திய 'ஸ்க்ரூட்டினி'யில் டி.டபிள்யூ. ஹார்டிங் ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பத்திரிகையும் நம் பத்திரிகைகளைப் போலச் சிறு கூட்டத்துக்கானதுதான். நமக்கு மூத்த பங்காளி என்று சொல்லலாம். ஹார்டிங் சொன்னதன் சாரம் இது: ஆஸ்டின் மென்மையானவர் அல்ல. தன்னைச் சுற்றியிருந்த மனிதர்களைச் சகிக்க முடியாமல், அதே சமயம் அவர்களோடு வாழ்ந்தாகவேண்டிய நிர்ப்பந்தத்தில், வெறுப்பைக் கட்டுப்படுத்திக்கொண்டு எழுதியவர். அவரை இனிமை என்று கொண்டாடுகிறவர்கள், அவருக்குப் பிடிக்காத அந்த மனிதர்களின் ஜாதியைச் சேர்ந்தவர்கள்.

ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. கல்லூரி நாட்களில் நான் ஹார்டிங் கட்சி. இப்போதும் அவர் சொன்னது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அப்போது எனக்கு ஒன்று தெரியவில்லை. ஹார்டிங் சண்டைபோட அங்கே ஒரு கூட்டம் இருந்தது. சுட்டிக்காட்ட ஒரு நல்ல பதிப்பு இருந்தது. எல்லோரும் படித்திருந்த நாவல்களை வேறு விதமாகப் படித்துக் காட்டினார். யாரும் படிக்காத நாவல்களைப் பற்றி அப்படி ஒரு கட்டுரை எழுத முடியாது. ரசிகன் காப்பாற்றி வைத்ததன்மேல்தான் விமர்சகன் நின்றுகொண்டு ரசிகனைத் திட்டுகிறான். திட்டவேண்டியதுதான். ஆனால் காலடியில் இருப்பது என்னவென்று தெரிந்திருக்கவேண்டும்.

நம் விஷயத்தில் இரண்டுமே நடக்கவில்லை. கோதைநாயகி அம்மாளின் கூட்டம் அவரைச் சுற்றி, அவர் குரலைச் சுற்றி, அவர் பத்திரிகையைச் சுற்றி இருந்தது. அவர் போனதும் நடுவிலிருந்தது போய்விட்டது. கேட்டவர்களில் பலருக்கு என் பாட்டியைப்போல எழுத்துத் தெரியாது. அவர்கள் சங்கம் பதிவு செய்யவில்லை, வீடு வாங்கவில்லை. மறுபுறம் நம் விமர்சகர்கள் ஹார்டிங்கின் வேலையையும் செய்யவில்லை. வெறுப்பதற்குக்கூட ஒரு நாவலை முழுதாகப் படிக்கவேண்டும். நாம் பட்டியலில் பெயரைச் சேர்த்து வெறுத்தோம். 1970களிலிருந்து தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைத் தேடித்தேடி ஆராய்ந்து, 1984இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக எழுதிய அம்பை போன்ற ஒரு சிலர் விதிவிலக்கு. அந்த ஆராய்ச்சியைச் செய்தவர் ஒரு பெண் எழுத்தாளர் என்பது தற்செயல் அல்ல. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்காக வீராணத்து ஏரிக்கரையில் வந்து நிற்கும் வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோதைநாயகி அம்மாளுக்காகத் திருவல்லிக்கேணியில் போய் நிற்பவரை நான் சந்தித்ததில்லை.

எல்லையில் வசிப்பதில் ஒரு சௌகரியம், அடுத்த வீட்டைப் பார்த்து நம் வீட்டைத் தெரிந்துகொள்ளலாம். ஓசூரிலிருந்து அத்திபெலே கூப்பிடுதூரம். அந்தப் பக்கத்திலிருந்து தினமும் வேலைக்கு வரும் சக ஊழியர் ஒருவர். அவருடைய தாயார் புடவைப் பெட்டியில் திரிவேணியின் நாவல்களை வைத்திருக்கிறார் என்று சொன்னார். திரிவேணி 1928இல் பிறந்து, 1963இல் முப்பத்துநாலு வயதில், பிரசவமான சில நாட்களில் இறந்துபோன மைசூர் எழுத்தாளர். அவருடைய 'பெள்ளி மோட' நாவலைப் புட்டண்ணா கணகால் 1967இல் படமாக எடுத்தார். 'சரபஞ்சர' 1971இல் படமாயிற்று. படம் பார்த்த கன்னட வீடுகளில் திரிவேணியின் பெயர் படத்தோடு சேர்ந்தே நினைவில் நிற்கிறது. இங்கே 1966இல் 'சித்தி' வந்தது. பத்மினியை நினைவிருக்கிறது, எம்.ஆர். ராதாவை நினைவிருக்கிறது, அந்தத் தாலாட்டு இன்றும் பஸ்ஸில் ஒலிக்கிறது. அது கோதைநாயகி அம்மாளின் 'தயாநிதி' என்று நான் சொன்னபோது, படத்தை நாலு தடவை பார்த்த என் அம்மா நம்பவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இணையத்தில் கிடைத்த அந்த அம்மாளின் நாவல் ஒன்றின் ஐந்து அத்தியாயங்களைத் தாளில் அச்செடுத்து, எங்கள் குடியிருப்பின் கூடத்தில் சிலரைக் கூட்டினேன். தனியாகப் படித்தபோது எனக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. நடந்ததையே பாத்திரங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருவர் பேச ஆரம்பித்தால் ஒரு பக்கம். கூடத்தில் நான் வாசிக்க ஆரம்பித்தேன். செய்தி படிக்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மா தாள்களை வாங்கிக்கொண்டாள். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த பெண்கள் இருவர், மேல்வீட்டு அம்மாள், என் சக ஊழியரின் மனைவி, நான்.

கால்மணி நேரத்தில் மேல்வீட்டு அம்மாள் வீட்டில் குக்கர் விசில் கேட்டது. எழுந்து போனார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, அவர் இல்லாத நேரத்தில் நடந்ததைக் கதாநாயகி தன் தோழியிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். மேல்வீட்டு அம்மாள் எதையும் கேட்காமல் கதைக்குள் வந்து சேர்ந்துகொண்டார். பிறகு ஒரு குழந்தை அழுதது, ஒருத்தி போனாள், வந்தாள். ஒவ்வொரு தடவையும் நாவல் அவர்களுக்காகக் காத்திருந்தது. எழுந்துபோகாமல் ஒரு மணி நேரம் உட்கார முடியாதவர்களுக்காக எழுதப்பட்ட உரைநடை அது. அடுப்பைப் பார்க்க எழுந்துபோகிறவளுக்கு இடம்விட்டுக் கட்டிய அமைப்பை, கட்டுக்கோப்பு இல்லை என்று நாம் குறை சொல்லியிருக்கிறோம். நாற்காலியில் அமர்ந்து யாரோ கொண்டுவந்து வைக்கும் காப்பியைக் குடித்தபடி படிக்கிறவனுக்கு இது புலப்பட வாய்ப்பில்லை. எனக்குப் புலப்படவில்லை.

இதைச் சொல்வதால் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. பதிவிரதையின் பொறுமைக்கு அந்த நாவல் கொடுத்த சம்பளம் அன்றைக்கு எங்களுக்கு உறுத்தியது. இரவு ஷிப்ட் பெண்களில் ஒருத்தி, "இவ ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேங்கிறா?" என்று நடுவிலேயே கேட்டாள். வேலைக்காரி ஒருத்தி வரும் இடங்களிலெல்லாம் நான் பின்கட்டு நிலைப்படியை நினைத்துக்கொண்டேன். அந்தக் கூடம் யாருக்காகத் திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது என்பதைக் கேட்காத கொண்டாட்டம் எனக்கு வேண்டாம். ஆனால் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கே முதலில் வாசிக்கவேண்டியிருந்தது, கூடியிருந்து வாசிக்கவேண்டியிருந்தது. ஹார்டிங்கும் டார்னெல் அம்மையாரும் அன்று எங்கள் கூடத்தில் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குப் பட்டது.

காலை ஐந்தரைக்கு ஓசூர் சாலைகளில் கம்பெனி பஸ்கள் போகின்றன. உள்ளே காதில் கருவியோடு பெண்கள். சிலர் பாட்டுக் கேட்கிறார்கள். சிலர் நாவல் கேட்கிறார்கள், யாரோ வாசித்துப் பதிவு செய்த குடும்ப நாவல்கள். தமிழ் வாசிப்பு மறுபடியும் காதுக்கு வந்துகொண்டிருக்கிறது. இன்னும் பத்து வருஷத்தில் நம்மில் ஒருவர் இதையும் நசிவு என்று, கேட்காமலே, நல்ல வாக்கியத்தில் எழுதுவார்.

விழா எடுக்கவேண்டும், சிலை வைக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. குமாஸ்தாவுக்குத் தெரிந்தது கணக்கு. நீளப் பேரேடு ஒன்று வாங்கியிருக்கிறேன். 115 நாவல்களையும் ஒவ்வொன்றாகத் தேடி, தலைப்பு, வெளிவந்த வருஷம், பாத்திரங்கள், கதை, யார் எதிர்த்துப் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்று குறித்து வருகிறேன். கையில் பழைய பிரதி வைத்திருப்பவர்கள் எழுதினால் நேரில் வந்து பார்த்துக் குறித்துக்கொள்வேன், புத்தகத்தைக் கேட்கமாட்டேன்.

இதுவரை பதினோரு நாவல்கள் முடிந்திருக்கின்றன. ரயிலடியில் பிரிந்த அந்த அக்காவும் தங்கையும் இன்னும் வரவில்லை.